ஜிம்னிக்கு 30 மில்லி ஸ்பேசர்: போடலாமா?

கேள்வி: என்னிடம் ஐந்து கதவு மாருதி ஜிம்னி இருக்கிறது. வால்பாறையில் எஸ்டேட் வேலை. வாரம் ஒருமுறையாவது பொள்ளாச்சிக்கு இறங்கி ஏற வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் கம்பெனி கொடுத்த 195/80 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு, அதே ரிம்மில் 235/75 ஆர்15 போட்டேன். அன்றிலிருந்து கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயர் உள்பக்கம் உரசுகிறது. நாலு சக்கரத்துக்கும் 30 மில்லி ஸ்பேசர் (சக்கரம் மாட்டும் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் உலோக வளையம்) போட்டால் உரசாது, வண்டி அகலமாகி வளைவில் சாயவும் சாயாது, ஒரு மணி நேர வேலைதான் என்கிறார்கள் டயர் கடையில். கோவை கணபதியில் லேத் வைத்திருக்கும் என் மச்சினன், “கடையில் எதற்கு மாமா வாங்குகிறீர்கள், அலுமினியத்தில் நானே கடைந்து தருகிறேன்” என்கிறான். பெரியப்பாவோ, பேரிங் போய்விடும், வேண்டவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி? – வால்பாறை வாசகர்

பதில்: தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த தடவை ஆழியாருக்கு இறங்குவதற்கு முன்னால், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வண்டியை நிறுத்திவிட்டு, டார்ச் அடித்து முன் டயரின் உள்பக்கச் சுவரைப் பாருங்கள். பிறகு மறுபக்கம் ஒடித்து மற்ற டயரையும் பாருங்கள். முன் அச்சைச் சேசிஸோடு பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் மீதுதான் பெரும்பாலும் உரசும். ரப்பர் மேலாகப் பளபளவென்று தேய்ந்திருந்தால் பயமில்லை. நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தாலோ, உள்ளே நூல் தெரிந்தாலோ அந்த டயரோடு மலை இறங்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, இப்போது உரசல் ஏன் வந்தது என்று பார்ப்போம். உங்கள் பழைய டயரின் மொத்த விட்டம் சுமார் 693 மில்லி. புதியது 733. அகலத்தில் 40 மில்லி கூடுதல். அதாவது டயர் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 20 மில்லி வளர்ந்திருக்கிறது; ரேடியஸ் ஆர்ம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதில் கடைக்காரர் உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. 235/75 ஆர்15 டயருக்குக் குறைந்தது 6 அங்குல அகல ரிம் வேண்டும். உங்கள் ரிம்மின் பின்பக்கம் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். 5½ ஜே, அதாவது 5½ அங்குல அகலம், என்றிருந்தால், அந்த டயர் இருக்கக் கூடாத ரிம்மில் இருக்கிறது. குறுகலான ரிம்மில் பருத்த டயரைப் போட்டால் சுவர் இரண்டு பக்கமும் பிதுங்கும். ஓட்டும்போது டயர் ரிம்மின் மேல் பக்கவாட்டில் ஆடும். காற்றைக் குறைத்துச் சேற்றில் இறங்கினால் இன்னும் மோசம். ஆக உங்கள் பிரச்சினை டயருக்கும் ரிம்முக்கும் இடையில் இருக்கிறது. ஸ்பேசர் அதைத் தீர்க்காது. உரசாத இடத்துக்கு நகர்த்தி வைக்கும், அவ்வளவுதான்.

நகர்த்தி வைப்பதிலும் ஒரு சிக்கல். சக்கரம் 30 மில்லி வெளியே போனால் உள்பக்கம் இடம் கிடைக்கும், உண்மை. ஆனால் ஸ்டீயரிங் ஒடிக்கும்போது அது சுழலும் வட்டமும் பெரிதாகும். இன்று ரேடியஸ் ஆர்மில் உரசும் டயர், நாளை முன் பம்பரின் மூலையிலோ மட்கார்டின் பின் விளிம்பிலோ உரசும். பள்ளத்தில் ஒரு சக்கரம் மேலே ஏறி, ஸ்டீயரிங்கும் ஒடிந்திருக்கும்போதுதான் அது தெரியும். சமதளத்தில் நிறுத்திப் பார்த்து “உரசலையே” என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை.

பெரியப்பா சொன்னதில் பாதி சரி. எடை விழும் இடம் வெளியே போகப் போக ஹப் பேரிங்குக்குச் சுமை கூடும். அது ஸ்பேசருக்கு மட்டும் உள்ள குறை இல்லை. ரிம்முக்கு ஆஃப்செட் என்று ஒரு அளவு உண்டு: ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் போய் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. உங்கள் ரிம் ப்ளஸ் 5 என்றால், 30 மில்லி ஸ்பேசர் போட்டதும் அது மைனஸ் 25 ரிம் போட்டதற்குச் சமம். பேரிங்குக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் பேரிங் ஒரே நாளில் போய்விடாது; ஆயுள் குறையும். எவ்வளவு குறையும் என்பது நீங்கள் ஓட்டும் விதத்தைப் பொறுத்தது.

ஹப் பேரிங்கைவிட நான் கவலைப்படுவது ஜிம்னியின் கிங்பின் பேரிங்கைப் பற்றி. இந்த வண்டிக்கு முன்னாலும் முழு அச்சுதான். சக்கரம் திரும்புவது அந்த அச்சின் இரண்டு முனையிலும் மேலும் கீழும் இருக்கும் கிங்பின்களின் மேல். சக்கரம் கிங்பினிலிருந்து வெளியே தள்ளிப் போகப் போக, சாலையில் படும் ஒவ்வொரு அடியும் நீளமான கம்பியைப் பிடித்து ஆட்டுவதுபோல் ஸ்டீயரிங்குக்கு வந்து சேரும். கிங்பின் கொஞ்சம் தேய்ந்திருந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் படபடவென்று ஆட ஆரம்பிக்கும். ஜிப்சி ஓட்டியவர்களுக்கு இந்த ஆட்டம் நன்றாகத் தெரியும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் ஹப் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். ஸ்பேசர் போட்டாலும் போடாவிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

அடுத்து, வண்டி சாயாது என்ற பேச்சு. கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 1400 மில்லி, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 700 மில்லி உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். நின்ற இடத்தில் சாய்த்தால் 45 டிகிரியில் கவிழும். பக்கத்துக்கு 30 மில்லி ஸ்பேசர் போட்டால் அது 46 டிகிரி சொச்சம் ஆகும். கிடைப்பது ஒரு டிகிரி! அதே வண்டியை 2 அங்குலம் உயர்த்தி லிஃப்ட் போட்டால் ஏறக்குறைய இரண்டு டிகிரி போய்விடும். லிஃப்ட் போட்டவர்கள் இழந்ததில் கொஞ்சத்தை மீட்க ஸ்பேசர் போடுகிறார்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. லிஃப்ட் போடாத உங்களுக்கு அந்த ஒரு டிகிரி எதற்கு? நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் உங்களைக் காப்பாற்றப் போவது இரண்டாவது கியரும் பிரேக்கும்தான்.

அகலப்படுத்துவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மாருதி 1993-இல் ஜிப்சியைச் சக்கரத்துக்குச் சக்கரம் 90 மில்லி அகலமாக்கியது. அச்சையே அகலமாகச் செய்தார்கள். நம் ஊர் டிராக்டரில் பின் சக்கர டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு, பயிர் வரிசைக்கு ஏற்றபடி அகலத்தைக் கூட்டுவது உழவர்கள் அனைவரும் அறிந்தது. ஸ்பேசரும் கெட்ட பொருள் இல்லை. போர்ஷே தன் கெயென் வண்டிக்குக் கம்பெனியிலேயே 17 மில்லி ஸ்பேசர் கொடுத்தது. ஜெர்மனியில் டியூவி என்ற பரிசோதனை அமைப்பின் சான்றோடு ஸ்பேசர் விற்கிறார்கள். என் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. அது இணைப்பில்.

பலரும் நினைப்பதுபோல் வண்டியின் எடை ஸ்டட் மேல், அதாவது ஹப்பிலிருந்து நீட்டியிருக்கும் மரைக் கம்பியின் மேல், தொங்குவதில்லை. ஸ்டட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது. 12 மில்லி ஸ்டட் ஒன்றை 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், அது ரிம்மை ஹப்போடு சுமார் 4 டன் விசையில் அமுக்குகிறது. ஐந்து ஸ்டட்டுக்கு 20 டன். அந்த அமுக்கத்தால்தான் இரண்டு முகங்களும் உராய்ந்து நகராமல் நிற்கின்றன. அமுக்கம் இருக்கும்வரை ஸ்டட்டுக்கு வளையும் வேலையே இல்லை. நட் கொஞ்சம் தளர்ந்தாலோ, இரண்டு முகங்களுக்கு நடுவே துரு, பெயின்ட், மண் என்று ஏதாவது இருந்து பிறகு நசுங்கினாலோ அமுக்கம் குறையும். அப்போது சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் ஒரு தடவை இங்கும் அங்கும் வளையும். ஒரு கிலோமீட்டருக்கு நானூறுக்கும் மேல் சுற்று.

ஏழெட்டு வருடத்துக்கு முன் என் பட்டறைக்கு ஒரு ஜிப்சியைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஆழியார் மலைப்பாதையில் பின் இடது சக்கரம் சாய்ந்து, நல்லவேளையாக மலைச்சுவர்ப் பக்கம் போய் நின்றிருக்கிறது. எங்கோ ஒரு கடையில் 12 மில்லி தட்டை ஸ்பேசர் போட்டிருந்தார்கள். அதாவது நடுவில் ஒரு வளையத்தைச் சொருகி, பழைய ஸ்டட்டிலேயே நட்டை மாட்டியிருந்தார்கள். நட்டுக்குக் கிடைத்திருந்தது நாலு சுற்று மரை. ஐந்து ஸ்டட்டில் மூன்று உடைந்திருந்தன, இரண்டு வளைந்திருந்தன. உடைந்த ஸ்டட் ஒன்றைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முகத்தில் முக்கால்வாசி கருத்து வழுவழுப்பாக, அலை ஒதுங்கிப்போன மணல்போல் வரிவரியாக இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும், பிறை நிலா அளவுக்கு, வெள்ளிபோல் மினுங்கும் சொரசொரப்பு. அந்தக் கருப்பு வரிகள் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் நகர்ந்த தடம். அந்தப் பிறைதான் கடைசி நிமிடம். ஓட்டுநரிடம் கேட்டேன். இரண்டு நாளாக “டக் டக்” என்று சத்தம் வந்ததாம். டயரில் கல் மாட்டியிருக்கும் என்று நினைத்தாராம். அந்த ஸ்டட்டை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஸ்பேசர் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

உங்களுக்குச் சொன்ன 30 மில்லி வகை வேறு. அது ஹப்பில் ஐந்து நட்டால் இறுகும்; அதிலேயே வேறு ஐந்து ஸ்டட் இருக்கும்; அதன் மேல் ரிம் இறுகும். தட்டை வகையைவிட எவ்வளவோ மேல். ஆனால் சக்கரத்துக்கு ஐந்து நட் என்றிருந்தது பத்து ஆகிறது. அதில் ஐந்து ரிம்முக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. நீங்கள் காலையில் வண்டியைச் சுற்றிவந்து ஸ்பேனர் போட்டுப் பார்த்தாலும் அந்த உள் நட்டைத் தொட முடியாது. சக்கரத்தைக் கழற்றினால்தான் பார்க்கலாம். நாலு சக்கரம், இருபது மறைந்த நட். “ஒரு மணி நேர வேலை” என்று சொன்னவர் மாட்டும் நேரத்தைச் சொன்னார். இந்தப் பராமரிப்பைச் சொல்லவில்லை.

மச்சினனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கணபதி லேத்துக்காரர்களின் கைச்சுத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நூல் பிசகாமல் கடைந்து தருவார். கை பிரச்சினையே இல்லை, உலோகம்தான் பிரச்சினை. பட்டறைக்கு வரும் அலுமினியக் கட்டி பெரும்பாலும் பழைய பொருளை உருக்கி வார்த்தது. உள்ளே காற்றுக் குமிழ் இருக்கும், வெளியே தெரியாது. ஸ்பேசருக்கு வேண்டியது 6061-டி6 போல, கலவையும் சூடேற்றிப் பதப்படுத்தியதும் உறுதியாகத் தெரிந்த உலோகம். அடுத்தது ஸ்டட். அதன் கழுத்தில் இருக்கும் பற்கள் அலுமினியத்தைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் நட்டைக் கழற்றும்போது ஸ்டட்டும் கூடவே சுற்றும். அப்புறம் ரிம்மைக் கழற்றவே வழியில்லாமல் நடுரோட்டில் நிற்பீர்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தப் பழியை அவர் ஏன் சுமக்க வேண்டும்?

“அஞ்சு ஓட்டை ஜீப் ஸ்பேசர் எல்லாம் ஒன்னுதான்” என்று யாராவது சொன்னாலும் ஏமாறாதீர்கள். ஐந்து ஸ்டட், 139.7 மில்லி வட்டம் என்பது பழைய வில்லிஸ் ஜீப்பிலிருந்து உங்கள் ஜிம்னிவரை பொருந்தும். ஆனால் ஜிம்னிக்கு நடுத்துளை 108 மில்லி, மரை 12-க்கு 1.25, அதாவது 12 மில்லி ஸ்டட்டில் மரைக்கு மரை 1.25 மில்லி இடைவெளி. வில்லிஸுக்கு அரை அங்குல மரை. 1.5 மரை நட்டை 1.25 ஸ்டட்டில் போட்டால் முதல் சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுக்கம் வந்துவிட்டது என்று கன் போட்டு அடித்தால் மரை போயிற்று.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ உண்டு. விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் இதைத்தான். உங்கள் 235 டயரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பாது.

நானாக இருந்தால் அந்த 235-ஐக் கொடுத்துவிட்டு 215/75 ஆர்15 போடுவேன். விட்டம் சுமார் 703. பழையதைவிட 10 மில்லிதான் கூடுதல். உங்கள் ரிம்மில் நன்றாக உட்காரும், பெரும்பாலும் எங்கும் உரசாது, எஸ்டேட் சேற்றுக்கும் போதும். மூன்று மாத டயருக்கு நல்ல விலை கிடைக்கும். ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டில் வாஷர் போட்டு ஒடிப்பைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மற்ற ஊருக்குச் சரி. வால்பாறை ரோட்டில் எதிரே பஸ் வரும்போது, குறைந்த ஒடிப்போடு வளைவில் பாதியில் நின்று ரிவர்ஸ் எடுக்கும் நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

இல்லை, 235-தான் வேண்டும் என்றால் ரிம்மை மாற்றுங்கள். 6 ஜே அகலம், மைனஸ் 10 முதல் மைனஸ் 20 ஆஃப்செட். டயருக்கு வேண்டிய அகலமும் கிடைக்கும், சக்கரமும் வெளியே வரும், நட் அதே ஐந்துதான். பம்பர் மூலையில் உரசுகிறதா என்று ஒரு சக்கரத்தைக் கல்லில் ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கதவுப்பக்கம் சேறும் கல்லும் தெறிக்கும்; அதற்கு அகலமான மட்ஃபிளாப் வேண்டும்.

இதையெல்லாம் படித்த பிறகும் ஸ்பேசர்தான் என்று முடிவு செய்தால், அது உங்கள் வண்டி, உங்கள் முடிவு. ஆனால் ஸ்பேசருக்கு முன்னால் ஒரு டார்க் ரெஞ்சு, அதாவது எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர், வாங்குங்கள். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளிச்சிடும்வரை தேயுங்கள். பிரேக் டிரம்மைப் பிடித்திருக்கும் மெல்லிய கிளிப் ஏதாவது ஸ்டட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள்; அது ஒரு மில்லி தடுத்தாலும் ஸ்பேசர் சரியாக உட்காராது. உட்கார்ந்ததா என்று சந்தேகம் வந்தால், பட்டறையில் நாங்கள் செய்வதுபோல் ஸ்பேசர் முகத்தில் மெல்லியதாக நீல மை பூசி, கையால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். ஹப்பில் மை வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். பார்த்த பிறகு மையைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். நட் குறைந்தது பத்துச் சுற்றாவது ஏற வேண்டும். உள் நட்டை இறுக்கியதும் பழைய ஸ்டட்டின் நுனி ஸ்பேசர் முகத்துக்கு மேல் நீட்டக் கூடாது. ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் தெரிந்துவிடும். நீட்டினால் ரிம் ஸ்பேசரில் உட்காராமல் அந்த நுனிகளில் உட்காரும். மரையில் கிரீஸ் போடாதீர்கள். வால்பாறை மழைக்கு அலுமினியமும் இரும்பும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஹப்பின் நடு உதட்டில் மட்டும் லேசாகத் தடவலாம். நட்சத்திரம் போடுவதுபோல் எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையாக இறுக்கி, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் முடியுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டிலும் ஸ்பேசரோடு வரும் தாளிலும் இருக்கும் அளவுதான் கணக்கு.

50 கிலோமீட்டர் ஓட்டியதும் நாலு சக்கரத்தையும் கழற்றி உள் நட்டைப் பாருங்கள். 500-இல் மறுபடி. பிறகு 5000-க்கு ஒருமுறை, நடுவில் கல், பாறையில் அடிபட்டால் அன்றைக்கே. சக்கரத்தில் “டக்” என்று ஒரு சத்தம் கேட்டாலும் அங்கேயே ஓரம்கட்டிவிடுங்கள்.

மச்சினனுக்கு வேலை இல்லாமல் போகவில்லை. வெளியில் வாங்கும் அலாய் ரிம்களில் நடுத்துளை பெரும்பாலும் 110 மில்லி இருக்கும். உங்கள் ஹப் 108. அந்த இடைவெளிக்கு ஒரு மில்லி தடிமனில் நாலு வளையம் கடையச் சொல்லுங்கள். சுமை எதையும் தாங்காமல், ரிம்மை நடுவில் உட்காரவைக்கும் வளையம் அது. அலுமினியத்தில் அவர் தாராளமாகக் கடையலாம். அளவெடுக்க ரிம்மையே லேத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.